குட்டைத் தண்ணில நெளியுறது என்ன? கேளுங்க, சொல்றேன்

குளம், குட்டை, தொட்டித் தண்ணில மைக்ராஸ்கோப் வெச்சுப் பாத்த ஒருசெல் உயிரிங்களைப் பத்தி கேளுங்க. ஒரே கண்டிஷன், அளவு சொல்லாம "இது என்ன"ன்னு கேக்கக்கூடாது.

கேள்வி: சார், தலையில ரெண்டு சக்கரம் சுத்துது, பின்னாடி வால். வோர்ட்டிசெல்லாவா?

பதில்: ரோட்டிஃபர். ஒருசெல்லே இல்ல, சுமார் 1000 செல் இருக்கும். உள்ள தாடை அரைச்சுக்கிட்டே இருக்கும் பாருங்க. வோர்ட்டிசெல்லா காம்புல நிக்கும், ஸ்லைடைத் தட்டுனா காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டுக்கும்.

கேள்வி: அண்ணா, பச்சையா நீந்துது. யூக்ளினாதானே?

பதில்: அளவு?

கேள்வி: 40 மடங்கு அப்ஜெக்டிவ்ல (ஸ்லைடுகிட்ட இருக்குற லென்ஸ்) தெரியுற வட்டத்துல கால்வாசி.

பதில்: இப்படிச் சொன்னா நல்லது. ஐபீஸ்ல, அதாவது கண்ணு வைக்குற லென்ஸ்ல, 18னு எழுதியிருந்தா அதை 40ஆல வகுங்க, வட்டத்தோட அகலம் வரும்: 0.45 மில்லிமீட்டர், அதாவது 450 மைக்ரான். கால்வாசின்னா 110 கிட்ட. அமுக்கின செருப்பு மாதிரி இருந்தா பாரமீசியம் பர்சேரியா, பச்சையா இருக்குற பாரமீசியம் வகை.

கேள்வி: மேடம், நீலமா எக்காளம் மாதிரி, வெறும் கண்ணுக்கே புள்ளியா தெரியுது.

பதில்: ஸ்டென்டர். 2 மில்லிமீட்டர் வரைக்கும் நீளும், கொடுத்து வெச்சவங்க நீங்க.

கேள்வி: அமீபா பாத்தேன், மூளைக்குப் போற அமீபாவா இருக்குமோன்னு பயமா இருக்கு.

பதில்: ஸ்லைடுல உருவம் பாத்து அதை உறுதி பண்ண முடியாது, லேப் வேலை அது. உடம்புக்கு ஏதாவதுன்னா உடனே டாக்டர்கிட்ட போங்க, இங்க உக்காந்திருக்காதீங்க.

கேள்வி: பாரமீசியத்துக்கு ஏதுண்ணா பச்சை? பச்சைன்னா யூக்ளினான்னுதான் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க. ஒத்துக்க மாட்டேன்.

பதில்: தம்பி, அந்தப் பச்சை அதோட சொந்தம் இல்ல. நூத்துக்கணக்குல பாசி செல்லுங்க உள்ள குடியிருக்கு, வெளிச்சத்துல சர்க்கரை பண்ணி வீட்டுக்காரருக்கும் வாடகை மாதிரி குடுக்குதுங்க. நம்பலன்னா ஒரே ஒரு பச்சை உருண்டையை மட்டும் கண்ணுல வெச்சுக்கிட்டு அரை நிமிஷம் பாருங்க, அது செல்லுக்குள்ளயே ரவுண்டு அடிச்சுட்டு வரும், யூக்ளினால குளோரோபிளாஸ்ட் (அதோட சொந்தப் பச்சை உறுப்பு) இப்படி ஊர்வலம் போகாது, அப்புறம் ஓரம் முழுக்க சிலியா, அதாவது குட்டிக் குட்டி மயிர், மினுமினுங்கும், யூக்ளினாவுக்கு வெளியில தெரியுறது சாட்டை மாதிரி ஒரே ஒரு இழைதான். கலரைப் பாத்து பேர் வைக்காதீங்க, நடையைப் பாருங்க.

கேள்வி: ஓடிக்கிட்டே இருக்கே, நடையை எங்க பாக்குறது?

பதில்: பஞ்சு நூலை ரெண்டு மூணு பிரிச்சுப் போட்டு மேல கவர் ஸ்லிப் வைங்க, சந்துல மாட்டிக்கும். தண்ணி வத்த விடாதீங்க, நசுங்கினா எல்லாமே உருண்டைதான்.

கேள்வி: இந்த போட்டோல என்னன்னு சொல்லுங்க, போன்ல ஜூம் பண்ணி எடுத்தேன்.

பதில்: அளவு சொல்லுங்க. போன் ஜூம் அளவு ஆகாது. வீடியோ இருந்தா அதை விட நல்லது.

கேள்வி: பச்சையா ஒண்ணு நீந்துது...

பதில்: மேல பாருங்க.

கேள்வி: அண்ணா, அந்த யூக்ளினா ஆளுதான். இப்ப சிவப்புப் புள்ளி தெரியுது! இப்ப என்ன சொல்றீங்க?

பதில்: எதுல? அந்த 110 மைக்ரான்லயா?

கேள்வி: இல்ல... பக்கத்துல சின்னதா ஒண்ணு, அதுல பாதிதான் இருக்கும். பஞ்சுல மாட்டிக்கிட்டு ஊதி ஊதி சுருங்குது.

பதில்: அப்ப அது யூக்ளினா, அந்தச் சிவப்பு அதோட கண்புள்ளி, வாழ்த்துகள். பெருசு பர்சேரியாதான். அதுலயும் சிவப்பு தெரிஞ்சா வீடியோ போடுங்க, அளவோட.