பாலங்கள் பத்தி கேட்டீங்களே, பதில் இதோ

பாம்பன் மாதிரி தூக்குப் பாலம் நம்ம பாலாத்துல ஏன் இல்ல? (காட்பாடி வாசகர்)

கீழ கப்பல் போனாதானே தூக்கணும் சார். பாலாத்துல முக்கால்வாசி நாள் மணல்தான். பாம்பன்ல 1914ல கட்டின பழைய பாலம் ரெண்டு பக்கமும் கை விரிக்கிற மாதிரி திறக்கும், 2025ல திறந்த புதுசுல 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேரா 17 மீட்டர் மேல போகுது, அதோட எடைக்கு சமமா எதிர்ப்பக்கம் பாரம் தொங்குறதால மோட்டாருக்கு பெருசா சிரமம் இல்ல.

வெள்ளத்துல பாலம் போயிட்டா மிலிட்டரி ஒரே நாள்ல இரும்புப் பாலம் போடறாங்களே, எப்படி? (குடியாத்தம்)

அது பெய்லி பாலம், ரெண்டாம் உலகப் போர் நேரத்துல வந்தது. ஒவ்வொரு பேனலும் 10 அடி நீளம், ஆறு பேர் சேர்ந்தா தூக்கிடலாம், கிரேன் வேணாம். கரையிலயே உருளை மேல வச்சு பின் அடிச்சு கோத்துகினே வருவாங்க, முன்னாடி மூக்கு மாதிரி ஒரு லேசான துண்டு இருக்கும், அத அப்படியே எதிர்க்கரைக்கு தள்ளுவாங்க, மூக்கு அந்தப் பக்கம் உக்காந்ததும் கழட்டிடுவாங்க. 2024ல வயநாடு சூரல்மலையில 190 அடிக்கு போட்டது இதுதான், லாரியே போச்சு. ஆனா வேலூர்கிட்ட பாலாறு எவ்ளோ அகலம்னு பாத்திருப்பீங்க, நடுவுல தூண் இல்லாம அந்த தூரத்த பெய்லி தாண்டாது.

தரைப்பாலத்து மேல முழங்கால் தண்ணிதான் ஓடுது, பைக்ல போலாமா?

போகவே போகாதீங்க தம்பி. தரைப்பாலம்னாலே வெள்ளம் மேல ஏறிப் போகட்டும்னு கட்டினதுதான், அப்போ நம்ம போறதுக்கு இல்ல. ரெண்டு அடி ஓடுற தண்ணி காரையே இழுத்துட்டு போயிடும், பைக் எம்மாத்திரம். இன்னொண்ணு, கலங்கல் தண்ணிக்கு கீழ ரோடு இருக்கா அரிச்சுட்டு போயிடுச்சான்னு மேல இருந்து தெரியாது. 2021 நவம்பர்ல பாலாறு வந்த வேகத்த பாத்தவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, வீட்ல கேட்டுப் பாருங்க. பத்து கிலோமீட்டர் சுத்தினாலும் மேம்பாலத்துலயே வாங்க.

பாலத்துல வண்டி போகும்போது தடக் தடக்னு ஏன் சத்தம்?

ரெண்டு ஸ்லாப்புக்கு நடுவுல விட்ட இடைவெளி அது. நம்ம ஊர் வெயில்ல கான்கிரீட் நீளும், ராத்திரி சுருங்கும், அதுக்கு இடம் வேணும். சத்தம் பரவால்ல, அந்த இடத்துல இரும்பு பேந்து வெளிய தெரிஞ்சா நெடுஞ்சாலைத்துறைக்கு சொல்லிடுங்க.