வீட்டிலேயே சிடி மேல் பெயரும் படமும் அச்சடிக்க எது நல்ல வழி? ஸ்டிக்கர் ஒட்டலாமா?

ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். "தாளில் அச்சடித்து ஒட்டினால் செலவு குறையுமே" என்று கேட்டிருக்கிறீர்கள், 2007-ல் நானும் இதே கணக்குப் போட்டுத்தான் 60 சிடிகளைக் கெடுத்தேன்.

உங்களுக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்படாது என்று நினைக்கிறேன், அப்படி இருந்தால் கடையில் கொடுத்திருப்பீர்கள். மகளின் அரங்கேற்றமோ, வீட்டுக் கல்யாணமோ, வயதானவர் ஒருவரின் குரலோ, ஒரு 30, 40 பேர் கையில் கொடுக்க வேண்டும், கொடுப்பது பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். அந்த ஆசையில் தப்பே இல்லை. எனக்கும் அதுதான் இருந்தது.

என் அப்பா மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ்டவுனில் வெள்ளி ரதம் புறப்பட்டால் அவருடைய பஜனைக் குழு கூடவே தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் பாடிக்கொண்டே நடக்கும். காவடிச் சிந்து அவர் பாடினால் கேட்கிறவர்கள் நடையே மாறிவிடும், பெற்ற அப்பா என்பதற்காகச் சொல்லவில்லை. 1989-ல் சித்தப்பா ஒருவர் எங்கள் வீட்டு ஹாலில் உட்காரவைத்து ஒரே ஒரு காசெட்டில் 8 பாட்டுப் பதிவு செய்தார். 2007-ல் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்குப் பையோடு அந்தப் பாட்டுகளைச் சிடியாகப் போட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். நான் அப்போது பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் முடிந்து வந்து இரவு இரவாக உட்கார்ந்து காசெட்டைக் கணினிக்கு மாற்றினேன். பாட்டுக்கு முன்னால் வரும் கரகரப்பு, இருமல், பேச்சு எல்லாவற்றையும் வெட்டி எடுத்தேன்.

ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடம் பக்கம் ஒரு கணினிக் கடையில் லேபல் தாள் கிடைத்தது. ஏ4 தாள் ஒன்றில் இரண்டு வட்டம், ஆக 30 தாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் கருவி, நடுவில் கம்பு மாதிரி நிற்கும். லேபலைப் பசைப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி அதில் போட்டு, சிடியைக் கவிழ்த்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஒரு தடவைதான் வாய்ப்பு, கோணலாகப் போனால் திரும்ப எடுக்க முடியாது. அப்பா வேட்டி சட்டையில் நிற்கும் படம், கீழே பெயர். அவ்வளவு அழகாக இருந்தது. பந்தியில் எல்லோரும் எடுத்துக் காட்டிக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் பெரியப்பா போன் பண்ணினார். "சிடி உள்ள போச்சு, வெளிய வரலம்மா." காரில் வாய் மாதிரி திறப்பு இருக்கும் பிளேயர். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர்தான், அந்தத் திறப்பும் அதற்கேற்ற அளவுதான், அதன் மேல் ஒரு தாளும் பசையும் சேர்ந்து, வெயிலில் நின்ற கார் சூட்டில் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டால் மாட்டத்தான் செய்யும். முன்பக்கத்தையே கழற்றி எடுத்தார்கள். செலவை நான் கொடுத்தேன், பெரியப்பா வாங்க மறுத்தும் கொடுத்தேன்.

அப்போதும் எனக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. புரிந்தது 2014-ல், அப்பா தவறிய பிறகு. கருமாதிக்கு அவர் பாட்டையே போடலாம் என்று என் வீட்டுச் சிடியை எடுத்தேன். மூன்றாவது பாட்டு வரை ஓடியது, அப்புறம் டக் டக் என்று தாண்டியது. லேபல் ஓரமெல்லாம் கொப்புளம். சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளிப்பக்கம் போகிற மாதிரி எழுதப்படுவது, அதனால் ஓரம் கெட்டால் கடைசிப் பாட்டுகள்தான் முதலில் போகும். உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் பண்ணி 11 சிடி சேர்த்தேன், எல்லாம் ஏறக்குறைய இதே கதை. பினாங்கு ஈரக் காற்றில் தாள் ஊதும், சுருங்கும், சிடியும் கூடவே வளையும். காசெட்டைத் தேடினால் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

பதற்றத்தில் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். ஒரு சிடியில் லேபலை உரித்துப் பார்த்தேன். லேபலோடு வெள்ளிப் பூச்சும் கழன்று வந்தது, சிடி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தது. சிடியில் பாட்டு இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிடையாது. அடிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக். பதிவும் வெள்ளிப் பூச்சும் லேபல் ஒட்டும் மேல்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய ஒரு அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கின்றன. நாம் பத்திரமாகக் கையாளும் பக்கத்தைவிட நாம் பேனாவால் குத்துகிற பக்கம்தான் ஆபத்தானது. டிவிடி வேறு மாதிரி, 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி நடுவில் பதிவு இருக்கும், உரித்தாலும் பூச்சு வராது. ஆனால் அது கொஞ்சம் வளைந்தாலே படிக்காது. வேகமான டிரைவில் இந்தத் தட்டுகள் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுச் சுற்றும், லேபல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து ஒட்டியிருந்தாலும் ஆட்டம் கொடுக்கும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் அமைப்பிலிருந்து நூலகர்களுக்காக 2003-லேயே ஒரு கையேடு வந்திருக்கிறது, ஒட்டும் லேபல் வேண்டாம், ஏற்கெனவே ஒட்டியதை உரிக்கவும் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. எனக்கு அது கண்ணில் பட்டது நான் லேபல் ஒட்டி ஏழு வருடம் கழித்து.

"நான் ஒட்டி 15 வருஷமாச்சு, நல்லாத்தான் ஓடுது" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள், பொய் என்று சொல்ல மாட்டேன். குளிர்ச்சியான அறையில், உறையோடு அலமாரியில் வைத்திருப்பீர்கள். கொடுத்துவிட்ட சிடி அப்படி இருக்காது, அது யார் காரில், யார் சமையலறை ரேடியோ மேல் கிடக்கும் என்று நமக்குத் தெரியாது. "இந்தக் காலத்தில் சிடி எதற்கு, பென் டிரைவ் போதாதா" என்பவர்களுக்கும் ஒன்று. எங்கள் அத்தைக்கு 78 வயது, பொத்தானை அழுத்தினால் பாட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவருக்குச் சிடிதான்.

சரி, வழிக்கு வருகிறேன். மேல்பக்கம் வெள்ளையாக, மங்கலான பூச்சோடு இருக்கும் சிடி, டிவிடி தனியாகக் கிடைக்கும், இங்க்ஜெட் பிரிண்டபிள் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதில் மை நேரடியாக இறங்கும், தாளும் இல்லை, பசையும் இல்லை. ஆனால் எல்லாப் பிரிண்டரிலும் முடியாது, சிடியை வைத்து உள்ளே தள்ளும் தட்டு இருக்கிற மாடல் வேண்டும். அந்தக் காலத்தில் எப்சன் ஆர்230, கேனன் ஐபி7270 போன்றவை, இப்போது எப்சன் எல்8050-ல் இருக்கிறது. பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் வாங்கலாம், தட்டு கூடவே இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், அது தொலைந்தால் பிரிண்டர் இதற்கு உதவாது.

முதலில் பாட்டை எழுதி, ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு, அப்புறம் அச்சடியுங்கள். முதலில் அச்சடித்தால் கைரேகையோ தூசியோ பட்டு எழுதும்போது பிழை வரும். அச்சு விழும் பகுதியின் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் மென்பொருளில் கொடுக்க வேண்டும், சில சிடியில் வெள்ளைப் பூச்சு நடு ஓட்டைக்குப் பக்கம் வரை இருக்கும், சிலதில் 46 மில்லிமீட்டர் விட்டத்தோடு நின்றுவிடும், ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். கெட்டுப்போன வெள்ளைச் சிடி ஒன்றில் முதலில் போட்டுப் பாருங்கள். அச்சடித்ததை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் உறையில் போட வேண்டும். ஈரக் கை பட்டால் மை கலையும், அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

லைட்ஸ்கிரைப் என்று ஒன்று 2005 வாக்கில் வந்தது, சிடியைத் திருப்பிப் போட்டால் டிரைவில் இருக்கும் லேசரே படத்தைச் சுட்டுவிடும். ஒரே நிறம், ஒரு சிடிக்கு 20, 30 நிமிடம் ஆகும், வெளிச்சத்தில் மங்கும். அதற்கென்று தனி டிரைவ், தனிச் சிடி வேண்டும், இனி அதைத் தேடி அலையாதீர்கள்.

பிரிண்டர் வாங்க வசதி இல்லையென்றால் கையால் எழுதுங்கள். நீரில் கரையும் மை உள்ள, முனை மெத்தென்று இருக்கும் மார்க்கர். பால்பாயிண்ட் கூடவே கூடாது. படத்தை உறைக்குள் வைக்கும் அட்டையில் அச்சடித்துக்கொள்ளலாம், அதற்குச் சாதாரணப் பிரிண்டர் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் பரவாயில்லை. இப்போது தைப்பூசத்துக்குப் போனால் பஜனைக் குழு பாடுவது நான்கு அடி தள்ளி நிற்பவருக்குக் கேட்பதில்லை. பந்தலுக்குப் பந்தல் ஆள் உயர ஸ்பீக்கர், அதில் என்னென்னவோ பாட்டு. அப்பா கடைசியாக நடந்த வருடம் ஒரு பந்தலில் போய், "தம்பி, ரதம் தாண்டும் வரைக்கும் கொஞ்சம் குறைங்கப்பா" என்று கேட்டார். ஒருவரும் குறைக்கவில்லை. அடுத்த வருடம் அவர் நடக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த யார் குரலும் வேறெங்கும் பதிவில் இல்லை, அதனால்தான் ஒரு சிடி கெட்டதற்கு இவ்வளவு எழுதுகிறேன்.

பாட்டு கிடைத்ததா என்றால், கிடைத்தது. 60 சிடி போடுவதற்கு முன்னால் சும்மா ஓட்டிப் பார்க்க ஒன்று எழுதியிருந்தேன். லேபல் கிடையாது, என் வீட்டுக்காரர் மார்க்கரில் "மாமா பாட்டு" என்று மட்டும் எழுதித் தையல் மெஷின் டிராயரில் போட்டிருந்தார். 8 பாட்டும் முழுதாக ஓடியது. அது வெட்டுவதற்கு முன்னால் எழுதிய சிடி. முதல் பாட்டுக்கு முன்னால் அப்பா இருமிவிட்டு, "ஓடுதா? ஆரம்பிக்கட்டா?" என்று சித்தப்பாவைக் கேட்கிறார். அந்த 60-லும் அதை நான் வெட்டியிருந்தேன். 2015-ல் வருடத் திதிக்கு வெள்ளைச் சிடியில் 25 அச்சடித்துக் கொடுத்தேன், எதையும் வெட்டவில்லை.

உங்களிடம் இருக்கும் பிரிண்டர் மாடலைக் கீழே எழுதுங்கள். தட்டு இருக்கிற மாடலா என்று பார்த்துச் சொல்கிறேன்.