தொலைக்காட்சியும் இணையமும் நம் பாரம்பரியத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாற்றியிருக்கின்றன?

ஆற்காட்டிலிருந்து கலவை போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் பாடி விளக்குவார். ராத்திரி அதே கதை விடிய விடியக் கூத்தாக நடக்கும். கடைசி நாள் காலையில் துரியோதனன் சாவை நடித்துக்காட்டும் படுகளம், சாயங்காலம் தீமிதி. நான் பார்த்த மாற்றம் எல்லாம் அந்தத் திடலில் பார்த்ததுதான்.

1989இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது எனக்குப் பத்து வயது. அப்போது தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தி மகாபாரதம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, இந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் எங்களுக்கு அவர்தான் கதை சொல்லுவார். "பாரு, இப்ப சகுனி காய உருட்டுவான்" என்பார், அவன் உருட்டுவான். கூத்துப் பார்த்துப் பார்த்தே கதை முழுக்க மனப்பாடம். கூத்து தெரிந்ததால் டிவி புரிந்தது.

அப்புறம் தனியார் சேனல்கள் வந்தன, 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி வந்தது. சீரியல் முடித்துவிட்டுத்தான் பெண்கள் கூத்துக்கு வந்தார்கள். மதியப் பிரசங்கத்துக்கு ஏழெட்டுக் கிழவர்கள் மிஞ்சினார்கள். இதைத்தான் எல்லோரும் இழப்பு என்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு.

எங்கள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுத்த மாதிரிச் செய்வார்கள், தென்னை மரம் நீளத்துக்கு. தொடையில் செந்நீர்ப் பானை புதைத்திருக்கும். வீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் அதை உடைத்ததும் பாஞ்சாலி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். உடனே துரியோதனன் மனைவி பெருந்திருவாள் முறத்தோடு ஓடிவந்து அவன் தலைமாட்டில் விழுந்து ஒப்பாரி வைப்பாள். சுற்றி நிற்கிற பெண்கள் தங்கள் வீட்டுச் சாவை நினைத்து அழுவார்கள். எதிரிக்காக ஊரே அழுகிற இடம் அது.

டப்பிங் மகாபாரதம் தமிழில் ஓடிய சமயம், அண்ணன் மகனுக்கு எட்டு வயது. படுகளத்தில் நின்றுகொண்டு என் அம்மாவிடம் சொன்னான்: "பெருந்திருவாள்னு யாருமே இல்ல ஆயா. துரியோதனன் பொண்டாட்டி பானுமதி. இவங்க தப்பாப் போடுறாங்க." அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாடு முழுக்க ஒரே பாரதம் காட்டப்பட்டதும், தலைமுறை தலைமுறையாக நாங்கள் அழுத கதை எங்கள் பிள்ளைக்கே தப்பாகிவிட்டது. கூட்டம் குறைந்தால் அடுத்த வருஷம் கூடலாம். பெரியவர்கள் சொன்ன கதைமேல் பிள்ளைக்கு நம்பிக்கை போனால் அதை யார் திருப்பித் தருவது?

ஆனால் இணையம் இதில் கொஞ்சம் திருப்பித் தந்திருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன். இப்போது ராத்திரி முழுக்க நடக்கும் கூத்தை யாராவது போனில் பிடித்து யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். ஜமா என்றால் கூத்துக் குழு; செய்யாறு பக்கத்து ஜமா, ஆரணி பக்கத்து ஜமா எல்லாம் அதில் கிடைக்கின்றன. அதே அண்ணன் மகன் இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு ஊர் பெருந்திருவாள் ஒப்பாரி மாறுவதைக் கேட்டுக் கேட்டு, எந்த வாத்தியார் ஜமாவில் நல்ல குரல் என்று எனக்கே சொல்கிறான். ஊருக்கு ஒரு பாட்டு இருப்பது தப்பில்லை என்று அவனாகவே கண்டுகொண்டான்.

போன வருஷம் லீவு கிடைக்காமல் படுகளத்தை நேரலையில்தான் பார்த்தான். எங்கள் பக்கம் படுகளத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துவந்து நெல் கொட்டும் இடத்தில் போடுவது வழக்கம். கூந்தல் முடிந்த கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"சித்தப்பா, எனக்கும் ஒரு பிடி எடுத்து வையுங்க. தீபாவளிக்கு வந்து வாங்கிக்கிறேன்."