சிற்பம் பார்த்துக் கரணம் பழகலாமா?

மயிலாப்பூரில் பரதநாட்டியம் பயிலும் வாசகி ஒருவர், சிதம்பரம் கோபுரச் சிற்பங்களின் படங்களைப் பார்த்து 108 கரணங்களையும் (கையும் காலும் இணைந்த நடன அசைவுகளையும்) வீட்டிலேயே பழகலாமா என்றும், சாரிகள் எனப்படும் கால் அசைவுகளின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவது ஏன் என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் தரையில் 16, ஆகாயத்தில் 16 என 32 சாரிகளைக் கூறுகிறது; அபிநய தர்ப்பணம் என்ற மற்றொரு நடன நூல் எட்டு என்கிறது. இரண்டும் தனித்தனி மரபுகள் என்பதால், தேர்வில் நூலின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். கரணத்துக்கு வேண்டியவை பரதர் சொன்ன 32.

சிற்பத்தை மட்டும் நம்பிப் பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையும் காலும் இணைந்து இயங்குவதே கரணம் என்று பரதர் வரையறுத்திருக்க, சிற்பியால் அந்த இயக்கத்தின் ஒரு கணத்தை மட்டுமே கல்லில் நிறுத்த முடியும். அது தொடக்கமா, நடுவா, முடிவா என்று படம் சொல்லாது. தஞ்சைப் பெரிய கோயிலில் முற்றுப்பெற்ற 81 கரணங்களை ஆடுபவர் நான்கு கைகளையுடைய சிவபெருமான் என்பதால், அங்கே எந்த இரு கைகளைப் பின்பற்றுவது என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

முதல் கரணமான தலபுஷ்பபுடத்தையே எடுத்துக்கொள்வோம். இரு கைகளையும் சேர்த்துப் பூ ஏந்துவது போன்ற புஷ்பபுட முத்திரை இடப்பக்கம் அமைய வேண்டும். பாதம் அக்ரதலசஞ்சரமாக, அதாவது குதிகால் உயர்ந்து, கட்டைவிரல் நீண்டு, மற்ற விரல்கள் வளைந்து நிற்க வேண்டும். விலாப்புறம் சற்றே தாழ வேண்டும். பரதநாட்டியம் பயின்றவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கடைசி அங்கத்தைத்தான், ஏனெனில் அரைமண்டியில் (முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கிய பாதி அமர்வில்) முதுகை நிமிர்த்தி, அடவு என்னும் அடிப்படை அசைவுகளைச் செய்தே பழகிய உடல், விலாவைச் சாய்க்கச் சொன்னால் இடுப்பை மட்டும் தள்ளிவிட்டு நின்றுவிடும். கண்ணாடி முன் இரு தோள்களின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோளும் உடன் இறங்கியிருந்தால்தான் அது சரி.

ஆகவே முதலில் ஸ்தானங்களையும் (நிற்கும் நிலைகளையும்), அடுத்துக் கைகளை இடுப்பில் வைத்தபடி சாரிகளையும் பழகுங்கள். ஊர்த்துவஜானு சாரியில் முழங்கால் மார்பளவு உயரும்போது ஊன்றிய கால் அசையாமல் நின்ற பிறகே கைகளைச் சேர்க்கலாம். சிதம்பரம் கிழக்குக் கோபுர வாயிலில் சிற்பங்களோடு பொறிக்கப்பட்டுள்ள சுலோகங்களை அப்போது ஒப்பிட்டுப் படித்தால் படங்களும் பயன்படும். காலைப் பின்புறம் தலையை நோக்கி வளைக்கும் விருச்சிக வகைகளை மட்டும் ஆசிரியர் அருகில் இல்லாமல், அதிலும் மொட்டைமாடியின் சிமெண்டுத் தரையில், முயலவே வேண்டாம்.