வண்ணத்துப்பூச்சியின் நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால்?

கேள்வி: வீட்டில் வளர்த்த புழு கூடு கட்டி, இன்று காலை வண்ணத்துப்பூச்சியாக வெளியே வந்தது. அதன் நாக்கு இரண்டு நூல்களாகப் பிரிந்து தொங்குகிறது. ஊனமா? தேன் கொடுக்கலாமா?

பதில்: பயப்படாதீர்கள், எல்லா வண்ணத்துப்பூச்சிகளும் அப்படித்தான் வெளியே வருகின்றன. அதன் உறிஞ்சுகுழல் கூட்டுக்குள் இரண்டு பாதிகளாக வளர்கிறது. ஒவ்வொன்றும் உள்பக்கம் குழிந்த வாய்க்கால் மாதிரி. கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பூச்சி அவற்றைச் சுருட்டும், நீட்டும், மறுபடி சுருட்டும். இடையே ஒரு துளி உமிழ்நீர் மினுங்கும். ஓரத்திலுள்ள நுண்ணிய கொக்கிகள் மாட்டிக்கொள்ள, இரண்டும் ஜிப் போட்டது போல ஒரே குழலாகிவிடும்.

முதலிலேயே ஒற்றைக் குழலாக வளர்ந்திருக்கக் கூடாதா? அது ஒரு காலத்தில் வாயின் இரு பக்கமும் இருந்த ஜோடி உறுப்பு. வண்ணத்துப்பூச்சிகளின் மூதாதையரான ஆதி அந்துப்பூச்சிகள் மென்று தின்றவை. மைக்ரோப்டெரிஜிட் என்ற குடும்பத்து அந்துப்பூச்சிகள் இன்றைக்கும் தாடையால் மகரந்தத்தை மெல்கின்றன. மற்ற பெரும்பாலானவற்றில் தாடை தேய்ந்துபோய், அதை ஒட்டியிருந்த இந்தச் சிறு உறுப்புகள் நீண்டன.

பூந்தேனுக்காகவே குழல் வந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்தோம். ஆனால் ஜெர்மனியில் நிலத்தைத் துளையிட்டு எடுத்த படிவுகளில், சுமார் 20 கோடி ஆண்டுகள் பழைய அந்துப்பூச்சி இறக்கைச் செதில்கள் கிடைத்ததாக 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. சில செதில்கள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. அந்த அமைப்பு குழல் உள்ள இனங்களுக்கே உரியது. ஐயமின்றி ஏற்கப்பட்ட பூக்களின் தடயங்களோ சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவைதான். அப்படியானால் அவை எதைக் குடித்தன? தண்ணீரையும், பூக்காத ஊசியிலை மரங்களின் கூம்புகளில் கசியும் இனிப்புத் துளியையும் குடித்திருக்கலாம். அப்புறம் பூக்கள் பெருகியபோது, குழல் தயாராகவே இருந்தது. வண்ணத்துப்பூச்சிகள் இன்னும் தாமதம்: சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்துப்பூச்சிகளிலிருந்து பிரிந்தவை.

சரி, உங்கள் பூச்சிக்கு வருவோம். இறக்கை காயும்வரை தொடாதீர்கள், அதுவரை பசிக்காது. நூல்களை விரலால் சேர்க்கவும் முயலாதீர்கள். கெட்டியான தேன் வேண்டாம், அவ்வளவு மெல்லிய குழலில் ஏறாது. 1 பங்கு சர்க்கரையை 9 பங்கு தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் நனைத்து, அதன்மேல் பூச்சியை நிற்க வையுங்கள். அதற்குக் காலிலேயே சுவை தெரியும். தித்திப்பு பட்டதும் சுருண்ட குழல் தானாகவே நீளும்.