பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்: முதலில் போட்ட திட்டமும் திரைக்கு வந்த படமும் (கேள்வி பதில்)

1999-இல் வெளியான அமெரிக்க சுயாதீனப் படம் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’. டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் என்ற இருவர் இயக்கியது. திட்டத்துக்கும் முடிந்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. படத்தின் முடிவையும் பேசியிருக்கிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கேள்வி: சார், காட்டில் தொலைந்துபோன மூன்று பேர் எடுத்த ஃபுட்டேஜ் மட்டும்தான் படம் முழுக்க ஓடுகிறது. ஆரம்பத்திலேயே அப்படித்தான் யோசித்தார்களா?

இல்லை. முதலில் போட்ட திட்டம் ஒரு போலி ஆவணப்படம். நிபுணர்கள் பேசுவார்கள், பழைய செய்திப்படத் துண்டுகள் வரும், ஊர்க்காரர்கள் சாட்சி சொல்வார்கள். நடுநடுவே, கண்டெடுத்த ஃபுட்டேஜ் கொஞ்சம் காட்டப்படும். வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்திருந்தார்கள். காட்டில் எடுப்பது முதல் கட்டம், பேட்டிகளும் போலி ஆவணங்களும் இரண்டாம் கட்டம்.

இரண்டாம் கட்டத்தையும் எடுத்தார்கள். ஆனால் எடிட்டில் ஒரு சிக்கல் தெரிந்தது. நிபுணர் வந்து உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு முறையும் பார்வையாளர் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுகிறார், பயம் இறங்கிவிடுகிறது. அதனால் அந்த அடுக்கையே உருவிவிட்டார்கள். எடுத்தது வீணாகவில்லை. படம் வெளியாகும் சமயத்தில், 1999 ஜூலையில், சைஃபை சேனலில் ‘கர்ஸ் ஆஃப் தி பிளேர் விட்ச்’ என்ற தனி நிகழ்ச்சியாக அது வந்தது. திட்டத்தையும் படத்தையும் ஒப்பிட நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். முதல் திட்டம் இரண்டாகப் பிரிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: ஸ்கிரிப்டே இல்லாமல் எடுத்த படம் என்கிறார்களே, உண்மையா?

வசனம் எழுதப்படவில்லை என்பது உண்மை. ஸ்கிரிப்டே இல்லை என்பது தவறு. சுமார் 35 பக்கத்துக்கு ஒன்லைன் இருந்தது. எந்த நாளில் என்ன நடக்கிறது, யார் எப்போது உடைகிறார், எது எங்கே கிடைக்கிறது என்று வரிசை உண்டு.

1997 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்தில் 8 நாள் ஷூட்டிங். காட்டுப் பகுதியில் பெரும்பாலானவை செனகா கிரீக் ஸ்டேட் பார்க்கில் எடுத்தவை. நடிகர்கள் மூவரும் கேமராவையும் சவுண்டையும் தாங்களே இயக்கினார்கள். கையில் ஜிபிஎஸ் கருவி. அது காட்டும் இடத்துக்குப் போனால் ஒரு பால் கிரேட் இருக்கும். அதற்குள் சாப்பாடும், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்புச் சீட்டும். ஒருவர் சீட்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது. நாள் போகப்போகச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். இரவில் கூடாரத்தைச் சுற்றி வந்து சத்தம் எழுப்பியதும், குழந்தைகள் குரலை டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டதும் இயக்குநர் குழுதான்.

ஒன்லைனையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சம்பவ வரிசை பெரிதாக நகரவில்லை. மாறியதெல்லாம் பேச்சும் சண்டையின் சூடும்தான். படத்தில் மூவரும் போட்டுக்கொள்ளும் சண்டையை எழுத்தில் கொண்டுவந்திருக்க முடியாது. எதிராளி சீட்டில் என்ன இருக்கிறதென்று தெரியாதவர் பேசும் பேச்சு அது.

கேள்வி: திட்டமிட்டு, படத்தில் வராமல் போன காட்சி ஏதாவது?

ஒன்று முக்கியமானது. இரவில் கூடாரத்தைவிட்டு ஓடும்போது, மூவரில் ஒருவரான ஹெதர், “அது என்ன?” என்று அலறுகிறார். அந்த இடத்தில் உண்மையிலேயே ஓர் உருவம் நிறுத்தப்பட்டிருந்தது. கலை இயக்குநர் வெள்ளை உள்ளாடை அணிந்து, தலையில் ஸ்டாக்கிங் மாட்டிக்கொண்டு நின்றார். கேமரா பிடித்திருந்தவர் அந்தப் பக்கம் திருப்பவில்லை, ஃபுட்டேஜில் உருவம் விழவே இல்லை. அலறல் மட்டும் மிஞ்சியது.

இது படத்தைக் காப்பாற்றிய தவறு என்றே சொல்வேன். அந்த வெள்ளை உருவம் ஒரு ஃப்ரேம் தெரிந்திருந்தாலும், கடைசிவரை எதையும் காட்டாத படம் என்ற பலம் போயிருக்கும்.

கேள்வி: முடிவை மாற்றச் சொன்னார்கள் என்று படித்தேன். மாற்றினார்களா?

1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்ட பிறகு ஆர்டிசன் என்ற விநியோக நிறுவனம் வாங்கியது. முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்குப் பயம் வந்தது, ஆனால் கடைசிக் காட்சியில், மூவரில் ஒருவரான மைக் ஏன் சுவரைப் பார்த்து மூலையில் நிற்கிறார் என்பது பிடிபடவில்லை. உடனே மேரிலாந்துக்குத் திரும்பிப் போய் மாற்று முடிவுகள் எடுத்தார்கள். அவற்றில் எதையும் பயன்படுத்தவில்லை, பழைய முடிவே நின்றது.

சேர்த்தது வேறு இடத்தில். படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர், அந்த ஊரில் முன்பு இருந்த ஒரு கொலைகாரன் குழந்தைகளை இரண்டிரண்டாக அழைத்துப்போய், ஒன்றைக் கொல்லும்போது மற்றதை மூலையில் நிற்கவைப்பான் என்று சொல்கிறாரே, அது பேட்ச் ஒர்க்கில், அதாவது பிறகு எடுத்து ஒட்டியதில் வந்தது. கடைசிக் காட்சி புரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கடைசிக் காட்சியில் இருக்காது, அதற்கு வேண்டிய தகவல் முன்னால் விதைக்கப்படாமல் இருக்கும். மறு எடிட் செய்பவர்கள் முதல் 15 நிமிடத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கேள்வி: எவ்வளவு எடுத்து எவ்வளவு வைத்தார்கள்?

சுமார் 20 மணி நேர ஃபுட்டேஜ். முடிந்த படம் 81 நிமிடம். கிட்டத்தட்ட 15-க்கு 1. வீடியோவில் எடுத்ததால்தான் இது சாத்தியமானது. இரண்டு கேமராக்கள் இருந்தன, ஒன்று ஹை-8 வீடியோ, இன்னொன்று 16 எம்எம் கறுப்பு வெள்ளை ஃபிலிம். 16 எம்எம்-இல் 400 அடி ரோல் 24 ஃப்ரேம் வேகத்தில் 11 நிமிடம்தான் ஓடும். 20 மணி நேரத்தையும் அதில் எடுத்திருந்தால் நூற்றுக்கு மேல் ரோல், அதற்கு மேல் லேப் செலவு. திட்டத்தில் கலர் வீடியோ ‘சும்மா எடுப்பது’, 16 எம்எம் ‘உண்மையான ஆவணப்படம்’ என்று பிரித்திருந்தது செலவுக் கணக்குக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

கேள்வி: பட்ஜெட் என்று ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். எதை நம்புவது?

எந்தக் கட்டத்துக்கான தொகை என்று கேளுங்கள். 35,000 டாலர், 60,000 டாலர் என்று சொல்லப்படுவது படமாக்கிய செலவு. வாங்கிய நிறுவனம் சவுண்ட் மிக்ஸிங், 35 எம்எம் பிரிண்ட் என்று போட்டது அதில் வராது. ‘எல் மரியாச்சி’ என்ற குறைந்த செலவுப் படத்தின் 7,225 டாலரும் அப்படித்தான். ராபர்ட் ரோட்ரிகஸ் அதை ஸ்பானிஷ் வீடியோ சந்தையில் விற்கத்தான் திட்டமிட்டார், எடிட்டையும் வீடியோவிலேயே முடித்தார். கொலம்பியா நிறுவனம் வாங்கித் தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது அந்தத் தொகையைப்போலப் பல மடங்கு செலவானது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இவை ஃபர்ஸ்ட் காப்பித் தொகையே (தியேட்டருக்குத் தயாரான முதல் பிரதி வரை ஆகும் செலவே) இல்லை.

கேள்வி: விஸ்காம் மாணவி நான். இப்படி ஒரு ஒப்பீட்டை ப்ராஜெக்ட்டாகச் செய்ய எப்படித் தொடங்குவது?

ஒன்லைனை நேராகப் படத்தோடு ஒப்பிடாதீர்கள். ஓர் அட்டவணை போடுங்கள், அதன் நடுவில் ‘எடுத்தது’ என்று ஒரு பத்தி (காலம்) வேண்டும். எழுதியது, எடுத்தது, வைத்தது என மூன்று பத்தி போட்டு, சீன் எண்ணும் டைம்கோடும் குறியுங்கள். நான்காவது பத்தியில் காரணம்: பணம், வானிலை, நடிகர், எடிட், விநியோகஸ்தர். எடுக்காமலே விட்டதும் எடுத்து வெட்டியதும் வேறு வேறு முடிவுகள். நடுப் பத்தி இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பேட்டிகளை ஆதாரமாக எடுத்தால் படம் வெளியான காலத்துப் பேட்டிக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆண்டுகள் போகப்போகத் தற்செயலையும் திட்டம் என்றே சொல்வார்கள்.

கேள்வி: இதே முறையில் 10 நிமிடக் குறும்படம், இரண்டு மொபைலில். எதில் மாட்டிக்கொள்வோம் அண்ணா?

முதலில் சிங்க், அதாவது படமும் சவுண்டும் ஒன்றாக ஓடுவது. மொபைல் பெரும்பாலும் நிலையான ஃப்ரேம் ரேட்டில் பதிவு செய்வதில்லை, வெளி ரெக்கார்டரில் எடுத்த சவுண்ட் சில நிமிடங்களில் விலகிவிடலாம். எடிட்டுக்கு முன் எல்லாக் கோப்பையும் நிலையான 25 ஃப்ரேமுக்கு மாற்றிவிடுங்கள். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இரண்டு மொபைலுக்கும் தெரிகிற மாதிரி ஒரு கைதட்டு.

சீட்டில் வசனம் எழுதாதீர்கள். “இன்று திரும்பிப் போயே ஆகவேண்டும், காரணம் சொல்லாதே” என்பதுபோல ஒரு நோக்கம் போதும். நடிப்பை நிறுத்த எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் கட்டாயம் வேண்டும். அந்தப் படத்தில் அது ‘டாக்கோ’. அந்தச் சொல் வந்தால் கேமரா ஓடினாலும் நடிப்பு நிற்க வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். இரவில் டார்ச் வெளிச்சம் எட்டும் தூரம்தான் ஃப்ரேமில் விழப்போகிறது. சொந்தக்காரர் சம்மதம் வாங்கிய ஒரு சவுக்குத்தோப்பு போதும்.