மாஸ்டரிங்குக்கு முன் ஒலியளவைக் கூட்டலாமா?

கேள்வி: குரலையும் கிதாரையும் வீட்டிலேயே பதிவு செய்து மிக்ஸ் செய்திருக்கிறேன். வெளிவந்த பாடல்களோடு ஒப்பிட்டால் என்னுடையது மிகவும் மெலிதாகக் கேட்கிறது. மாஸ்டரிங்குக்கு அனுப்பும் முன் லிமிட்டர் (ஒலியின் உச்சங்களை ஒரு வரம்புக்குள் அடக்கும் கருவி) போட்டு ஒலியளவைக் கூட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து கூட்டாதீர்கள். நீங்கள் ஒப்பிடுபவை மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீரமைக்கும் வேலை, முடிந்த பாடல்கள் என்பதால், அந்த வேலை நடக்காத உங்கள் மிக்ஸ் அவற்றைவிட மெலிதாகக் கேட்பது இயல்பே. ஒப்பிடும்போது அந்தப் பாடல்களின் ஒலியளவைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். விரல் கிதார்க் கம்பியை விடும் கணத்தில் எழும் கூர்மை லிமிட்டரில் ஒருமுறை மழுங்கிவிட்டால், எவ்வளவு தேர்ந்தவராலும் அதை முழுமையாக மீட்டுத் தர இயலாது.

பாடலின் மிக உரத்த பகுதியை ஓடவிட்டு மாஸ்டர் மீட்டரைப் பாருங்கள். உச்சம், மீட்டரின் மேல் வரம்பான பூஜ்யத்துக்கு 3 முதல் 6 டெசிபல் கீழே நின்றால் போதும். இது வசதிக்கான இடைவெளியே தவிர மீறக்கூடாத விதி அன்று. அதற்கு மேல் போனால் மொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் ஃபேடரை மட்டும் இறக்காமல், எல்லா ட்ராக்குகளையும் ஒரே அளவில் குறையுங்கள். ஏனெனில் மாஸ்டரில் கம்ப்ரஸர் (உரத்த ஒலியைத் தணிக்கும் கருவி) இருந்தால், பல மென்பொருள்களில் அது ஃபேடருக்கு முன்பே வேலை செய்து, மிகையான ஒலியை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

என் அனுபவத்தில், பெரும்பாலான சிக்கல்கள் பதிவின்போதே தொடங்குகின்றன. பாடலில் குரல் மிக உயரும் வரியைப் பாடிப் பார்த்து, உச்சம் மைனஸ் 10 டெசிபலை ஒட்டி நிற்குமாறு இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியின் பெருக்கத்தை, வையுங்கள். 16 பிட் பதிவில் மிக மெலிந்த ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு கோட்பாட்டளவில் 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144. ஆகவே 24 பிட்டில் சற்றுக் குறைவாகப் பதிவதால் இழப்பு இல்லை. பின்னர் ஒலியளவைக் கூட்டும்போது மேலெழுவது பெரும்பாலும் அறையின் மின்விசிறிச் சத்தம்தான். விசிறியை நிறுத்திவிட்டு மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள்.

வெளியீட்டுக்குப் பிறகும் உரப்பால் பெரிய லாபம் இல்லை. ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சராசரி உரப்பை அளக்கும் அலகு) அளவை வைத்துக்கொண்டு, அதைவிட உரத்த பாடல்களைத் தானே தணித்துவிடுகிறது.

ஒலியளவைத் தானாக மாற்றும் நார்மலைஸ் தேர்வை அணைத்து, பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்), 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள். லிமிட்டர் போட்டுக் கேட்ட வடிவம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதையும் மாதிரிக்காகத் தனிக் கோப்பாகச் சேர்த்து அனுப்பலாம்.